நல்ல தண்ணி இல்லை என்று எழுதியிருந்தது

இளம் பொறியியலாளர்களைத் தொண்டு வேலைக்குள் இழுப்பது எப்படி என்று எழுதித் தரும்படி இந்த வருடமும் உங்கள் சங்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் கேட்டபோது முழங்கால் வலி என்று சொல்லித் தப்பினேன். முழங்கால் வலி பொய்யில்லை. ஆனால் எழுதுவதற்கு முழங்கால் எதற்கு என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை. உண்மை என்னவென்றால், என்னிடம் பதில் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆறு பேரை இழுத்தேன். அந்த ஆறு பேரையும் வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அது பின்பற்ற வேண்டிய உதாரணமா, தவிர்க்க வேண்டிய உதாரணமா என்பதில் எனக்கே இன்னும் குழப்பம்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ரொறன்ரோவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நிலத்தடித் தண்ணீர்க் குழாய் வேலை. யாழ்ப்பாணத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம். அலுவலகத்தில் என்னிடம் வரைபடத்தோடு வருகிறவர்கள் கதவடியில் ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சலவை இயந்திரங்கள் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் நாங்கள் கூடுவோம். ஆறு பேரும் பட்டம் எடுத்து ஓரிரு வருடங்கள் ஆனவர்கள். சிறு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். அவர்களில் இருவரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சுதா, இரசாயனப் பொறியியல், குறைவாகப் பேசுவாள், எதையும் எழுதி வைப்பாள். மற்றது கஜன், இயந்திரப் பொறியியல், நிறையப் பேசுவான், எதையும் எழுதி வைக்கமாட்டான்.

ஒரு ஞாயிறு நிஸாம் வந்தான். நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். குழாய் பொருத்தும் வேலை செய்பவன், முப்பத்தைந்து வயதிருக்கும். வடக்கிலிருந்து ஒரே நாளில், உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் அவனுடைய குடும்பமும் ஒன்று. அவனுடைய அக்கா, அவன் ராத்தா என்று சொல்லுவான், புத்தளப் பக்கம் கடற்கரையோர அகதி முகாம் ஒன்றில் ஐந்தாவது வருடமாக ஓலைக் கொட்டிலில் இருந்தாள். அவர்களை வெளியேற்றியது தமிழர்களாகிய எங்கள் பெயரால் நடந்தது. இதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. ஆனால் என் வயதுக்காரியான எனக்கு அவன் முகத்தைப் பார்க்கும்போது அது மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, நீங்கள் இஞ்சினியர்மார் சேந்து ஊருக்கு ஏதோ செய்யிறியளாம். எங்கட ஆக்களுக்கும் செய்வியளோ?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"என்ன கேள்வி இது. செய்வம். கட்டாயம் செய்வம்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அங்கே தண்ணீர்தான் பிரச்சினை என்றான். ராத்தாவை எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லும்படி கேட்டேன்.

கடிதம் நாலு கிழமையில் வந்தது. என் பெயருக்குத்தான் வந்தது. நான் உறையைப் பிரிக்காமல் சுதாவின் கையில் கொடுத்தேன். "இது உங்கட வேலை. வாசிச்சு, பிரச்சினை என்ன எண்டு ஒரு பக்கத்திலை எழுதிக்கொண்டு வாங்கோ. நான் அந்தப் பக்கத்தை மட்டும்தான் பாப்பன்" என்றேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கொடுத்தால்தான் ஒட்டுவார்கள் என்பது என் கொள்கை. நான் இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒருவர் ஒரு மதகு வேலையை என் தலையில் கட்டிவிட்டு இரண்டு கிழமை விடுமுறையில் போய்விட்டார். அந்த இரண்டு கிழமையில்தான் நான் ஆளானேன். அதனால் கையை விட்டுவிடுவதுதான் மரியாதை என்று நம்பியிருந்தேன். குறைந்தபட்சம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அதுதான்.

சுதா ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அழகான ஆங்கிலம். கிணறு இருக்கிறது, தண்ணீர் போதிய அளவு இருக்கிறது, தண்ணீரின் தரம் மோசம், பயன்பெறுவோர் நாற்பது குடும்பங்கள். அவ்வளவுதான். அலுவலகத்தில் இப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் 'தரம் மோசம் என்றால் எப்படி மோசம்' என்று சிவப்பு மையால் கிழித்திருப்பேன். அன்று தலையை ஆட்டினேன். கலங்கல், கிருமி என்று என் மனம் தானாகவே நிரப்பிக்கொண்டது. ஆட்டின தலையைத் திருப்பி எடுக்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஐந்து மாதம் அந்த அறை ஒரு தொழிற்சாலையாக இருந்தது. மணல் வடிகட்டி செய்வது என்று முடிவு. கஜனின் அப்பா வேலை செய்த ஊறுகாய்த் தொழிற்சாலையில் இருந்து இருபது நீல பிளாஸ்டிக் ட்ரம் வந்தது. எத்தனை முறை கழுவியும் அறை முழுக்க வினாகிரி மணம். ட்ரம்மின் அடியில் துளையிட்ட குழாய், அதன் மேல் பரல் கல், அதன் மேல் மணல், வெளியே திறந்து மூட ஒரு பைப். மணல் ஒரே பருமனாக இருக்க வேண்டும் என்று சுதா பிடிவாதம் பிடித்து, ஒரு கட்டடப் பொருள் கடையில் மணல் மூட்டை மூட்டையாக வாங்கிச் சலிக்க வைத்தாள். ஓடைத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றினோம். தேத்தண்ணி நிறத்தில் போனது, பளிச்சென்று வந்தது. கஜன் ஒரு கோப்பை பிடித்து எல்லாருக்கும் முன்னால் குடித்துக் காட்டினான். மற்றவர்கள் கைதட்டினார்கள். வேலையில் ஏறு, வீடு வாங்கு என்பதைத் தவிர வேறொன்றும் காதில் விழாமல் வளர்ந்த பிள்ளைகள், ஞாயிறு விடியக் குளிரில் பஸ் பிடித்து வந்து மணல் சலித்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவில் நான் ஒருமுறைகூட நிஸாமைக் கூப்பிட்டு, "உங்கட ராத்தாவுக்கு உண்மையிலை என்ன வேணும்?" என்று கேட்கவில்லை.

ஏற்றுகிற நாள் ஒரு சனிக்கிழமை. ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் இருந்து ஊருக்குப் பொருள் போகும் கொள்கலன் ஒன்றில் எங்களுக்கு ஒரு மூலை கிடைத்திருந்தது. களஞ்சியத்துக்குப் பொறுப்பான அண்ணை கையில் பூட்டோடு நின்றார். "பன்ரெண்டு மணிக்குப் பூட்டிப்போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லாதையுங்கோ. அடுத்த கொள்கலன் எப்ப எண்டு எனக்கே தெரியாது" என்றார்.

பத்து மணிக்கு நிஸாம் தன் வானில் வந்து இறங்கினான். ட்ரம்மைச் சுற்றி வந்து பார்த்தான். மணல் மூட்டையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "எங்கட முகாமிலை மணலுக்குள்ளைதான் சோறே தின்னுறம். உது கனடா மணல் எண்டபடியால் விசேசமாக்கும்" என்றான். பிறகு சுதாவிடம் திரும்பி, மிகவும் பணிவாக, "தங்கச்சி, உதுக்குள்ளாலை வந்தா உப்புப் போயிடும், என்ன?" என்று கேட்டான்.

சுதா விளங்காமல் பார்த்தாள். "என்ன உப்பு?"

"கிணத்துத் தண்ணியிலை இருக்கிற உப்பு. ராத்தா எழுதினவதானே, நல்ல தண்ணி இல்லை எண்டு."

"ஓம், அண்ணா. நொட் குட் வோட்டர். அழுக்குத் தண்ணி. அதுக்குத்தானே இது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உங்களில் இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் 'நல்ல தண்ணி' என்றால் உப்பில்லாத தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் உப்புக் கரித்தால் அது நல்ல தண்ணி அல்ல. கலங்கியிருந்தாலும் உப்பில்லை என்றால் அது நல்ல தண்ணிதான். கடலோரத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சுதா எட்டு வயதில் ஸ்காபரோவுக்கு வந்தவள். இங்கே பைப்பைத் திறந்தால் வருவதெல்லாம் தண்ணி, இரண்டு சொல் தேவைப்படவில்லை. அவள் அகராதிப்படி சரியாகத்தான் வாசித்திருந்தாள். மணலுக்குள்ளால் கிருமி நிற்கும், அழுக்கு நிற்கும். உப்பு நிற்காது. கடலையே ஊற்றினாலும் தெளிந்த கடல்தான் கீழே வரும்.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? பேசாமல் ஏற்றிவிடுவோம் என்பது. பிறகு ஒரு கடிதம் எழுதிச் சமாளிக்கலாம். ஆறு பிள்ளைகளின் ஐந்து மாதத்தை அவர்கள் கண் முன்னாலேயே உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இந்த எண்ணம்தான் முதலில் வரும். வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் உடனே கையொப்பமும் போடாதீர்கள்.

மணலில் உப்பு நிற்காது என்று சுதாவுக்கும் தெரியும். தன் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஜன்தான் பாய்ந்தான். "உப்புப் போகாட்டியும் கிருமி போகும்தானே, அன்ரி? சம்திங் இஸ் பெட்டர். அனுப்புவம்." நிஸாம் பக்கம் திரும்பி, "அண்ணை, உங்களுக்கு உப்பு எண்டு முதலே தெரியும். ஏன் அஞ்சு மாசமா ஒரு வார்த்தை சொல்லேல்லை?" என்றான்.

நிஸாம் கையிலிருந்த கையுறையைக் கழற்றினான், திரும்பவும் போட்டான். "நீங்கள் படிச்ச ஆக்கள். ஏதோ புது முறையாக்கும் எண்டு நினைச்சன். பிறகு, தம்பி, எங்கட சனத்துக்கெண்டு நீங்களா வந்து செய்யிறியள். அதுக்குள்ளை நான் நிண்டு கேள்வி கேட்டா, குறை பிடிக்கிறான் எண்டு நினைப்பியள். நான் எப்பிடிக் கேக்கிறது?"

அவன் கேட்கவில்லை, கூச்சம். நானும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்காள் நல்லவர்களாக நடந்துகொண்டதில் நடுவில் நாற்பது குடும்பம் தாகத்தோடு இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கஜனைப் பார்த்து, "வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிசம் நில்" என்றேன். அவன் என்ன பிழை செய்தான், பாவம்.

"ராத்தாவோடை இப்ப கதைக்கேலுமோ?" என்று நிஸாமிடம் கேட்டேன். சனிக்கிழமைகளில் அங்கே இரவு எட்டு மணிக்கு அவள் சந்தியில் உள்ள தொலைபேசிக் கடைக்கு வந்து தம்பியின் அழைப்புக்குக் காத்திருப்பாள் என்றான். எங்களுக்குக் காலை பத்தரை. களஞ்சிய அலுவலகத்துத் தொலைபேசியில் நிஸாம் தன் அட்டையின் இலக்கங்களை இரண்டு முறை பிழையாகவும் மூன்றாம் முறை சரியாகவும் அழுத்தினான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் தந்தான்.

நான் பேசியது எனக்கே திரும்பிக் கேட்டது. அவள் பேசியது பாதியில் அறுந்தது. தண்ணி கிடக்கு என்கிறாள், பிறகு தண்ணி இல்லை என்கிறாள். கிணறு என்கிறாள், பௌசர் என்கிறாள், அது தண்ணீர் லொறி, திங்கள் என்கிறாள். எனக்குத் தலை சுற்றியது. பெரிய பொறியியலாளர், காதில் விரலை விட்டுக்கொண்டு, "என்னது, என்னது" என்று கத்திக்கொண்டு நின்றேன். கடைசியில் படிப்பையெல்லாம் தூக்கி வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்பது போலக் கேட்டேன்.

"விடியத் தேத்தண்ணிக்கு எங்கை தண்ணி எடுக்கிறியள்?"

"பௌசர் தண்ணி. திங்களும் வியாழனும் பௌசர் வரும்."

"அது காணாதோ?"

"தண்ணி காணும். பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை. குடமும் வாளியும் நிரம்பினா அவன் மிச்சத்தோடை போயிடுவான். ரெண்டு நாளிலை முடிஞ்சிடும். பிறகு தோட்டக்காரர் வீட்டுக் கிணத்துக்குப் போகோணும். மூண்டு கட்டை நடை. அவங்கள் நாயை அவிட்டு விடுறாங்கள்."

"மூடியோடை பெரிய ட்ரம் இருந்தா?"

"ட்ரம் ஆர் தருவாங்க?" என்றாள்.

வெளியே வந்தபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வடிகட்டியை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் ட்ரம்மையும் மூடியையும் பைப்பையும் அனுப்புகிறோம் என்றேன். ஏன் என்பதை நாலு வசனத்தில் சொன்னேன். பிறகு கஜன், கோபமில்லாமல், உண்மையிலேயே குழம்பிப்போய், "வெறும் ட்ரம் அனுப்பிறதுக்கு இஞ்சினியர் என்னத்துக்கு, அன்ரி?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

முதலில் குனிந்தது சுதாதான். ஒரு மூட்டை மணலை ட்ரம்முக்குள் இருந்து தூக்கி வெளியே போட்டாள். அடுத்ததைத் தூக்கினாள். நிஸாம் தன் கருவிப் பெட்டியோடு வந்து உள்ளிருந்த துளைக் குழாய்களைச் சுழற்றிக் கழற்றினான். பிறகு எல்லாரும் கை வைத்தார்கள். தான் மூன்று முறை சலித்த மணலை அந்தப் பிள்ளை வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் குவித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். "மூடியைக் கவனமா இறுக்கு" என்று சொன்னேன். பன்னிரண்டுக்குள் இருபது ட்ரம்மும் ஏறிவிட்டது. அண்ணை பூட்டைப் போட்டார்.

அடுத்த ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு இரண்டு பேர். சுதா வந்தாள், மூலையில் இருந்தாள், கொப்பியைத் திறக்கவில்லை. கஜன் வேலை மாறி வேறு நகரத்துக்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள். அவன் போனது வேலைக்காகவா, என்னாலா என்பது தெரியாது. நான் செய்தது சரியான முடிவு என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். சரியான முடிவு என்றால் ஏன் அறை காலியாகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து நிஸாம் வந்தான். ட்ரம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். இரண்டு குடும்பத்துக்கு ஒன்று. பௌசர்காரன் இப்போது மிச்சத்தோடு திரும்புவதில்லையாம். திங்கட்கிழமைத் தண்ணீர் வியாழன் வரை நிற்கிறதாம். ராத்தா தோட்டக்காரர் வீட்டுப் பக்கம் போய் ஒரு மாதமாகிவிட்டதாம். சொல்லும்போது அவன் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. சுதா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் போன பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அன்ரி, ஐ நீட் டு ஆஸ்க் யூ. அந்தக் கடிதத்தை நீங்கள் ஏன் வாசிக்கேல்லை?"

"உங்களுக்குப் பொறுப்புத் தரவேணும் எண்டுதான்..."

"அது நீங்கள் எல்லாருக்கும் சொல்லுறது. ரெண்டே ரெண்டு பக்கம், அன்ரி. பிறகு எண்டாலும் ஒருக்காப் பாத்திருக்கலாம். நீங்கள் பாத்திருந்தா முதல் நாளே பிடிச்சிருப்பியள். என்னை ஏன் தனிய விட்டனீங்கள்?"

பக்கத்து அறையில் சலவை இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு பொய் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அதற்கு மேலும் ஒரு பொய் சொல்ல முடியவில்லை.

"பயமா இருந்தது, சுதா."

"என்ன பயம்?"

"அவையளை அங்கையிருந்து கலைச்சது எங்கட ஆக்கள். எங்களைப் பற்றி அதுக்குள்ளை என்ன எழுதியிருப்பாவோ எண்டு பயம். அதுதான் உறையைக்கூட உடைக்காமல் உன்ரை கையிலை தந்தனான்."



"நான் அதை மூண்டு தரம் வாசிச்சனான், அன்ரி" என்றாள். "அப்பிடி ஒண்டும் இல்லை. தண்ணிதான் கேட்டிருந்தவ."